ஒரே சபைக்காரர் என்றால் நம்பி ரூம் ஷேர் பண்ணலாமா?

கேள்வி: வேளச்சேரியில் வாடகை 18,000. மூன்றாவதாக வருபவர் எங்கள் சபைதான், ஆனால் வேறு ஊர், முன்பின் தெரியாது. அட்வான்ஸ் இல்லாமல் சேர்க்கலாமா?

பதில் 1: குடி, ஜெபநேரம், ஞாயிறு அலாரம் பற்றிச் சண்டை வராது. வாடகை 5ஆம் தேதி வருமா என்பதற்கு அது சாட்சி இல்லை. பாஸ்டர் கடிதத்தைவிடப் பழைய ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன் மேல்.

பதில் 2: "நம்ம பிரதர்தானே" என்று அக்ரிமென்டில் பேரைச் சேர்க்காமல் விடுவார்கள். பாதியில் கிளம்பினால் அவர் பங்கு 6,000 உங்கள் தலையில். 11 மாத ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்து. 2 மாத அட்வான்ஸ், ஜிபேயில். ஈபி பில் 2 மாதத்துக்கு ஒருமுறைதான், அதனால் அவர் குடிவரும் நாளே மீட்டரைப் போட்டோ எடுங்க.

பதில் 3: இன்னொன்று, ஆராதனையில் பக்கத்தில் உட்காருபவரிடம் பாக்கி கேட்க வாய் வராது. தேதியை முதலிலேயே எழுதி வையுங்க.