மறுமொழி: வெள்ளை வெளிறுமா, நரைக்குமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை செங்கோட்டையில் விடுமுறை வகுப்பு. பிள்ளைகள் 1:87 அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) செய்த பழைய ரயில் நிலைய மாடலுக்கு வெள்ளை அடித்து, பல வருஷம் மழையும் வெயிலும் தின்ற சுவராக அதை ஆக்க வேண்டும். செய்முறைத் தாள் இன்று ராத்திரி அச்சுக்குப் போகணும், இப்படிப் பழசாக்கிக் காட்டுகிற வெதரிங்குக்கு நம் குழுவில் இன்னும் தமிழ்ச் சொல் முடிவாகவில்லை.

புவியியல் பாடத்தில் வரும் 'வானிலைச் சிதைவு' போதும் என்கிறார் நாகர்கோவில் ஐயா. பாறைக்குச் சரி, அது நிஜமாகவே உடைகிறது. நம் சுவர் முழுசாகத்தானே இருக்கிறது ஐயா?

அடுத்து அண்ணாச்சியின் 'வெளிறல்'. (503-ஆம் குறளில் வெளிறு என்றால் அறியாமை, அதை விடுகிறேன்.) சிவப்பும் பச்சையும் வெளிறும், மாடலில் அதே நிறத்தோடு கொஞ்சம் வெள்ளை கலந்தால் தீர்ந்தது. வெள்ளை எங்கே போய் வெளிறும் அண்ணாச்சி? அதன் பளிச்சைக் குறைக்கத்தான் வேண்டும்: அடியில் சாம்பல் நிறம், அதன்மேல் தண்ணியாகக் கரைத்த அக்ரிலிக் வெள்ளை மூன்று நான்கு கோட், மூலைகளில் சாம்பல் லேசாகத் தெரியும்படி, நன்றாகக் காய்ந்தபின் ஜன்னலுக்குக் கீழே குண்டூசி முனையளவு காவி ஆயில் பெயிண்ட் வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த பட்டை பிரஷால் கீழே இழுத்தால் மழைத்தண்ணீர் ஒழுகின தடம் அப்படியே வந்துவிடும்.

இதற்குத்தான் 'நரையேற்றல்' என்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில், சாயம் மங்கின சட்டையை 'நரச்ச ஷர்ட்டு' என்பார்கள். மலையாள வாடை என்று நேற்று ஒருவர் தள்ளிவிட்டார். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் எங்கள் செங்கோட்டை, மலைக்கு இரண்டு பக்கமும் புழங்குகிற சொல்லை விட மனசு வரவில்லை. தவிர, யாண்டு பலவாகியும் நரை இல்லாத பிசிராந்தையார் நம் புறநானூற்றில்தானே இருக்கிறார். நரைத்தல் தானாக நடப்பது, தன்வினை. பிரஷால் நாம் செய்வதற்கு 'ஏற்றல்' சேர்ந்தால்தான் பொருள் நிற்கும்.

நரை மயிருக்கு மட்டும்தான் என்று அண்ணாச்சி இன்னும் நிற்கிறார். நாலு பேர் நரையேற்றல், மற்றவர்கள் வெதரிங் என்றே விடச் சொல்கிறார்கள். தாளில் நரையேற்றல் என்று போடுகிறேன்.

அப்புறம், வெயிலில் கிடந்த வெள்ளைப் பெயிண்டைத் தடவினால் விரலில் மாவாக ஒட்டுமே, புற ஊதாக் கதிர் பெயிண்டின் பிசினை அரித்து நிறமி தளர்வதால் வருவது, அதற்கு 'நீறு பூத்தல்' என்று எழுதியிருக்கிறேன். நீறு சுண்ணாம்புக்கும் ஆகும், சாம்பலுக்கும் ஆகும். மறுப்பு இருந்தால் பத்து மணிக்குள் எழுதுங்கள்.