பதக்கம் இல்லாமல் எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தவர்களின் அனுபவங்கள்

காசிமேட்டிலிருந்து:

கணித, அறிவியல் ஒலிம்பியாட் போட்டிகளில் பதக்கமோ வெளிநாட்டில் படித்த உறவினரோ இல்லாத ஒருவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்; குரோம்பேட்டையில் இருப்பது அல்ல) விண்ணப்பித்தால் என்ன நடக்கும் என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன். நான் அரசு உதவிபெறும் பள்ளியில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவன். அப்பா விசைப்படகுத் தொழிலாளி, அம்மா மீன் விற்கிறார். வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பாராமல் சேர்க்கையை முடிவு செய்து, பிறகு தேவைப்படும் உதவித்தொகை முழுவதையும் தரும் மிகச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுள் அதுவும் ஒன்று என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

மதிப்பெண் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எஸ்.ஏ.டி. போன்ற அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை எழுத வேண்டும் என்று கொரோனா காலத்தில் நிறுத்திவைத்திருந்த நிபந்தனையை 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டார்கள். எஸ்.ஏ.டி.யில் ஆங்கிலப் பகுதிக்குத்தான் நான் உழைக்க வேண்டியிருந்தது.

விண்ணப்பப் படிவத்தில் நான்கே செயல்பாடுகளுக்குத்தான் இடம். நீண்ட கட்டுரைக்குப் பதிலாகச் சில சிறு கேள்விகள். நான் கேரம் ஆடுவதையும், விடியற்காலை மீன் ஏலத்தில் அம்மாவுக்குக் கணக்குப் பார்ப்பதையும் எழுதினேன். 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமாவின் வடசென்னையில், நானும் ஆடுவேன் என்று சொல்வது ஒரு செய்தியே அல்ல. ஆனால் இணையவழியில் என்னை நேர்காணல் செய்த முன்னாள் மாணவர், பெரும்பகுதி நேரத்தை அதிலேயே செலவிட்டார்: காய் எந்தக் கோணத்தில் திரும்பும் என்று எப்படிக் கணிக்கிறேன், பவுடர் தூவினால் என்ன மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். (இந்த நேர்காணலை முன்னாள் மாணவர்கள் தன்னார்வமாக நடத்துவதால் எல்லோருக்கும் அது அமைவதில்லை.)

உண்மையான சிரமம் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்னும் பணவிவரப் படிவத்தில் இருந்தது. அம்மாவின் வருமானத்துக்கு எந்தச் சீட்டும் கிடையாது. அப்பாவுக்குப் பிடிபட்ட மீனில் வரும் பங்குதான் கூலி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அதுவும் இல்லை. இ-சேவை மையம் வழியாகப் பெற்ற வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழை வைத்துக்கொண்டு, சிறப்புச் சூழ்நிலைகளை விளக்கும் பகுதியில் மீன்பிடித் தடைக்காலம் ஏன் வருகிறது, அப்போது வீடு எப்படி நடக்கிறது என்று எழுதினேன். நான் எழுதியவற்றுள் அந்தப் பத்திதான் தேறும் என்று இன்றும் நினைக்கிறேன்.

முடிவு மார்ச் 14 மாலை, அவர்கள் நேரப்படி 6.28-க்கு வெளியானது, நமக்கு அது மறுநாள் அதிகாலை 3.58, அதுவும் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு நடுவே. இடம் கிடைக்கவில்லை. பொறியியல் கலந்தாய்வு வழியாகக் கிண்டியில் சேர்ந்தேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து, ஒரு தமிழாசிரியர்:

இதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த ஒரு மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவன் நான். கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரும், மொழி அல்லது சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவரும் எழுத வேண்டும் என்பதால், தமிழாசிரியருக்கும் அதில் இடமுண்டு. நம் பள்ளிகளில் இத்தகைய கடிதம் கேட்டால் முத்திரையிட்ட நன்னடத்தைச் சான்றிதழ்தான் கிடைக்கும். அதில் உள்ள வாசகம் வகுப்பில் எல்லோருக்கும் பொருந்தும். நான் ஒரே ஒரு வகுப்பைப் பற்றி எழுதினேன். மீன் உணக்கிப் பறவை ஓட்டும் பெண்ணைப் பற்றிய நெய்தல் பாடலை நடத்தியபோது, அம்மாணவி எழுந்து, எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு வேண்டும், மேகமூட்டமான நாளில் என்ன கெடும் என்று விளக்கி, உரையாசிரியர் காக்கையை மட்டும் சொன்னது போதாது, நாயையும் ஓட்ட வேண்டும் என்றாள். அந்தக் கடிதத்தை ஆங்கில ஆசிரியை மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே வரும். கெடு ஜனவரித் தொடக்கத்தில் இருப்பதால் அரையாண்டு விடுமுறைக்கு முன்பே ஆசிரியர்களிடம் சொல்லிவிடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த ஆங்கில ஆசிரியையைத் தேடிப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.