எம்சிபி இறங்கியிருந்தும் விழுந்துகொண்டிருந்த ஆர்சிசிபி

வீட்டில் மின்சாரம் அடிக்கடி ட்ரிப் ஆனால் பெரும்பாலோர் ஒரே வழியைத்தான் கையாள்கிறார்கள். எல்லா எம்சிபிகளையும் (ஓவர்லோடோ ஷார்ட் சர்க்யூட்டோ ஏற்பட்டால் அந்தந்த சர்க்யூட்டைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். எதை ஏற்றும்போது ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறதோ, அந்த சர்க்யூட்டில்தான் கோளாறு என்று முடிவு கட்டுவார்கள். பல நேரங்களில் இது சரியாகவே அமைந்துவிடும். எங்கள் வீட்டிலோ இந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் ஒரு பாவமும் அறியாத கீசரையே காட்டிக்கொடுத்தது. ஆகவே அந்த அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓடும்போது எந்தத் தொல்லையும் இருக்காது. கீசரைப் போட்டால் சில சமயம் உடனேயும் சில சமயம் சற்றுக் கழித்தும் ஆர்சிசிபி விழும். எம்சிபிகள் அனைத்தும் ஏறியபடியே இருக்கும். எம்சிபி அசையாமல் ஆர்சிசிபி மட்டும் விழுகிறது என்றால், அது ஓவர்லோடும் அல்ல, ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்ட ஷார்ட் சர்க்யூட்டும் அல்ல. எங்கோ மின்னோட்டம் எர்த்துக்குக் கசிகிறது என்பதே பொருள். முதலில் வந்த எலக்ட்ரீஷியன் கீசரின் காயிலைச் சந்தேகித்தார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காயிலுக்குள் அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மேலுறையில் நூலளவு விரிசல் விழுந்தாலே கசிவு தொடங்கிவிடும். காயில் மாற்றப்பட்டது, ட்ரிப் நிற்கவில்லை. பிறகு ஆர்சிசிபியும் மாற்றப்பட்டது, அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் கீசரை இணைப்பிலிருந்தே கழற்றி வைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியையும் மின் அடுப்பையும் ஒன்றாக ஓடவிட்டபோதும் ஆர்சிசிபி விழுந்தது.

இரண்டாவதாக வந்தவர் அதிகம் பேசாத மனிதர். "எதைப் போட்டால் விழுகிறது என்பது இருக்கட்டும், எவ்வளவு லோடு ஏறினால் விழுகிறது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருந்தது என்பது பின்னர்தான் விளங்கியது.

ஆர்சிசிபிக்குள் உள்ள வளையம் ஒன்றின் வழியாக ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து செல்கின்றன. ஃபேஸில் போன அளவு நியூட்ரலில் அப்படியே திரும்பி வந்தால் அது அமைதியாக இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏற்பட்டால் விழும். வீடுகளில் பொருத்தும் 30 மில்லி ஆம்பியர் வகை 15 மில்லி ஆம்பியர் வரை விழக்கூடாது, 30ஐ எட்டினால் விழுந்தே ஆகவேண்டும். இந்த வித்தியாசம் ஃபேஸிலிருந்து கசிவதால்தான் வரவேண்டும் என்பதில்லை. ஏதோ ஒரு சர்க்யூட்டின் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் வரும். லோடு குறைவாக இருக்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய வோல்டேஜே இருக்காது; ஆகவே அந்தத் தொடுப்பு உறங்கிக்கொண்டிருக்கும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும்போது, வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பியில் ஓரிரு வோல்ட் எழுந்துவிடும். எர்த் வழியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால் 1.5 வோல்ட்டே 30 மில்லி ஆம்பியரைத் தள்ளிவிடப் போதும். கீசர் செய்த குற்றம் லோடு இழுத்தது மட்டுமே.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடுகளில் இருக்கும் எம்சிபிகள் பெரும்பாலும் சிங்கிள் போல் வகையைச் சேர்ந்தவை. அவை ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். கோளாறுள்ள சர்க்யூட்டின் எம்சிபியை இறக்கினாலும் அதன் நியூட்ரல், டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) உள்ள நியூட்ரல் பட்டையோடு இணைந்தேதான் இருக்கிறது. எனவே குற்றவாளியின் எம்சிபி இறங்கியிருக்கும்போதே வேறொரு சர்க்யூட்டின் லோடால் ஆர்சிசிபி விழும். எம்சிபிகளை ஏற்றி இறக்கிப் பார்க்கும் சோதனை இங்கேதான் தோற்றுப்போகிறது.

அவர் மெயினை இறக்கி, மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பிளக்குகள் அனைத்தையும் பிடுங்கச் சொன்னார். நியூட்ரல் பட்டையிலிருந்து எல்லாக் கம்பிகளையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரை (கம்பி உறையின் காப்புத் தடையை அளக்கும் மீட்டர்) வைத்து அளந்தார். 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. நல்ல வயரிங்கில் அதைவிடப் பன்மடங்கு கூடுதலாகவே காட்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் காட்டியது, கூடத்து பிளக்குகளுக்குச் செல்லும் ஒரு கம்பியைத் தவிர. அங்கே மீட்டர் சுழியத்தையே காட்டியது. அந்த வரிசையில் அண்மையில் மேல்தகடு மாற்றப்பட்ட ஒரு சாக்கெட் இருந்தது. அதைக் கழற்றியபோது, பழைய திருகைவிட நீளமான புதுத் திருகின் முனை உள்ளே நியூட்ரல் கம்பியின் உறையைக் கிழித்திருந்ததைக் கண்டோம். கிழிசலின் நடுவே செம்பு நெல்முனை அளவுக்குப் பளபளத்தது. திருகு தொடும் உலோகப் பெட்டி எர்த்தில் இணைந்தது. கம்பியைச் சற்று வெட்டிப் புதிதாக இணைத்து, குட்டைத் திருகைப் போட்டார். அத்தோடு ட்ரிப் நின்றது. மெக்கரின் 500 வோல்ட் மின்னணுக் கருவிகளைக் கெடுத்துவிடும் என்பதால்தான் பிளக்குகளை முதலிலேயே பிடுங்கச் சொன்னாராம். டிபி பாக்ஸைத் திறக்கும் வேலை தெரிந்தவர்களுக்கு உரியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

*

மேலே எழுதியவருக்கு லோடு ஏறும்போது விழுந்தது; எங்களுக்கோ யாரும் எதையும் தொடாத நள்ளிரவில் விழுந்தது. காலையில் எழுந்தால் ஃபிரிட்ஜில் வைத்ததெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும். விழும் நேரத்தைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு வந்தபோது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு தெரிந்தது. பனி கட்டாத வகை ஃபிரிட்ஜ்கள், படிந்த பனியை உருக்க அவ்வப்போது உள்ளே ஒரு ஹீட்டரைத் தாமாகவே போட்டுக்கொள்கின்றன. பழுது பார்க்க வந்தவர் டைமரின் திருகுப் பள்ளத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெல்லத் திருப்பி, டிஃப்ராஸ்ட் நிலைக்குக் கொண்டுவந்தார். 'டக்' என்ற ஓசை கேட்டதும் ஆர்சிசிபி விழுந்தது. ஹீட்டரின் உறைக்குள் ஈரம் புகுந்திருந்தது. கம்ப்ரசர் ஓடும்போது இந்தக் கசிவு தலைகாட்டுவதே இல்லை என்பதால், ஃபிரிட்ஜ் ஓடுகிறதே, அதில் பழுது இருக்காது என்று விட்டுவிடுவது எளிது.

*

எந்தப் பழுதும் இல்லாமலேயே விழுந்த கதை என்னுடையது. வீட்டிலேயே அலுவலகம் நடத்துவதால் கணினிகளும் திரைகளும் அச்சு இயந்திரமும் ஒரே ஆர்சிசிபியின் கீழ் இருந்தன. இத்தகைய கருவிகளின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் இருப்பதால், நல்ல நிலையில் உள்ள கருவியும் சிறிதளவு மின்னோட்டத்தை எர்த்துக்கு விடத்தான் செய்யும். தனித்தனியாகப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. எல்லாம் சேரும்போது ஆர்சிசிபி விளிம்பில் நிற்கிறது, பிறகு சிறு கசிவு எங்கே எழுந்தாலும் விழுந்துவிடுகிறது. ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட்டு அளந்தபோது, இயல்பான கசிவே 14 மில்லி ஆம்பியர் இருந்தது. ஆர்சிசிபியின் அளவில் 30 விழுக்காட்டுக்குள், அதாவது 9 மில்லி ஆம்பியருக்குள், இது அடங்கியிருப்பதே நல்லது. கணினிகளைத் தனி ஆர்சிபிஓவுக்கு (எம்சிபி, ஆர்சிசிபி இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் சுவிட்ச்) மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. இதற்கென மீட்டர் வாங்குவோர், மில்லி ஆம்பியர் கசிவை அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். சாதாரண கிளாம்ப் மீட்டரில் இவ்வளவு சிறிய அளவு சரியாகத் தெரியாது.