புனல் மேகம், கடல் நீர்ச்சுழல் கண்ணில் பட்டால் எதையெல்லாம் குறித்துவைக்க வேண்டும்?

வேளச்சேரி மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூரிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் வீட்டில் மழைமானி வைத்திருக்கும் ஆட்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். காலை 8.30 மணிக்கு அளவெடுத்து ஷீட்டில் ஏற்றுகிறோம், அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் எல்லாம் மேகத்திலிருந்து கீழே எதாவது தொங்கும்போதுதான் வருகிறது. உடனே நாலு பேர் "டொர்னாடோ!" என்று படம் போடுவார்கள், ரெண்டு பேர் "அதெல்லாம் அமெரிக்காவில்தான், இங்கே வராது" என்று சண்டைக்கு வருவார்கள், அப்புறம் யாரோ ஒருவர் வேறே நாட்டு வீடியோவை எடுத்து வந்து கோவளம் என்று சொல்லிப் பரப்புவார். அரை மணி நேரத்தில் எது எங்கே எப்போது எடுத்தது என்றே தெரியாமல் போகிறது.

இந்த வடகிழக்குப் பருவமழைக்குள் இதற்கென்று தனி ஷீட் ஒன்று தொடங்கலாம் என்று யோசனை. என்னென்ன கட்டங்கள் வைக்கலாம்? ஃபார்வர்டு வீடியோக்களைச் சேர்க்கலாமா? சுழலின் வலிமைக்கு எஃப்1, எஃப்2 என்று நாமே தரம் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய அப்சர்வர்:

தம்பி, முதலில் ஷீட்டில் "டொர்னாடோவா, ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் வைக்கவே வைக்காதீர்கள். பார்த்தவர் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால், கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு மனதில் முடிவு செய்ததை எழுதிவிடுவார். பெயர் வைப்பதை அப்புறம் நாலு பேர் உட்கார்ந்து செய்யலாம்.

நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, அடியில் என்ன தெரிந்தது என்பது. மேகத்தின் அடியிலிருந்து சுழன்றுகொண்டே இறங்கும் கூம்பு, தரையைத் தொடாதவரை புனல் மேகம். அந்தச் சுழற்சி தரையைத் தொட்டால் டொர்னாடோ, கடலையோ ஏரியையோ தொட்டால் நீர்ச்சுழல். இதில் பலர் கோட்டை விடுவது எங்கே என்றால், கண்ணுக்குத் தெரியும் கூம்பு என்பது ஈரம் குளிர்ந்து உண்டான மேகம் மட்டும்தான், காற்றின் சுழற்சி அதற்குக் கீழேயும் இருக்கலாம். கூம்பு பாதியில் நின்றிருக்கும், ஆனால் கீழே புழுதியும் தகரமும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியானால் அது தரையைத் தொட்டாயிற்று என்றுதான் கணக்கு. கடலில் என்றால் நீர்மட்டத்தில் வட்டமாகத் தெறிக்கும் நீர்த்துளிகளைப் பார்க்க வேண்டும். அடிப்பகுதி கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால் "மறைந்திருந்தது" என்று எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

இன்னொன்று. நம் ஊரில் கோடை மாலை இடி மழை பெரும்பாலும் மேற்கேயிருந்து, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கமிருந்து வருகிறது. அந்த நேரத்தில் சூரியனும் மேகத்துக்குப் பின்னால்தான் இருக்கும். அதனால் கிழிந்து தொங்கும் சாதாரண மேகத் துண்டுகூடக் கன்னங்கரேலென்று பயமுறுத்தும். ஒரு நிமிடம் அசையாமல் வீடியோ எடுங்கள், ஜூம் வேண்டாம். சுழலாமல் உருமாறிக்கொண்டே போனால் அது வெறும் துண்டு மேகம். தூரத்து மழைத்தாரையும் எண்ணூர்ப் பக்கத்துப் புகையும்கூட இதே வேலையைச் செய்யும்.

சங்கிலியும் தியோடலைட்டும்:

நான் சர்வே வேலையில் இருப்பவன், அதனால் இடம், திசை பற்றி மட்டும் சொல்கிறேன். அழகான ஒரு வீடியோவைவிட, வெவ்வேறு இடத்திலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் குறித்த திசைதான் எனக்குப் பெரிது. பெசன்ட் நகரிலிருந்து ஒரு கோடு, ராயபுரத்திலிருந்து ஒரு கோடு, இரண்டும் வெட்டும் இடத்தில் ஆள் அகப்படுவான். ஒருவர் மட்டும் பார்த்தால் "கடலில் எங்கோ" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது, தொலைவு விஷயத்தில் கண் அநியாயத்துக்கு ஏமாற்றும்.

போன் திசைகாட்டியை மொட்டைமாடியில் நம்ப வேண்டாம். தண்ணீர்த் தொட்டி இரும்புச் சட்டம், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எல்லாம் முள்ளை இழுத்துவிடும். ஐந்து டிகிரி பிசகினால் 15 கிலோமீட்டர் தொலைவில் இடம் 1.3 கிலோமீட்டர் தள்ளிப்போகும். அதற்குப் பதில் படத்துக்குள் ஒரு அடையாளம் விழும்படி எடுங்கள்: மெரினா கலங்கரை விளக்கம், கோயில் கோபுரம், செல்போன் டவர் எதுவானாலும் சரி. நீங்கள் நின்ற இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்தால் திசையை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகக் கணக்கிடலாம். அடையாளமே இல்லையென்றால் கையை நீட்டி முஷ்டியை வைத்துப் பாருங்கள், அது ஏறக்குறைய பத்து டிகிரி. சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி. 10 கிலோமீட்டர் தொலைவில் அந்த ஒரு டிகிரி 175 மீட்டர் என்பதால் கூம்பின் அகலத்தையும் அப்புறம் கணக்குப் போட்டுவிடலாம்.

நேரம்: எப்போது குழுவில் போட்டோம் என்பதல்ல, எப்போது பார்த்தோம் என்பது. ஆரம்பம், முடிவு இரண்டும் வேண்டும். 24 மணி முறையில் இந்திய நேரம் எழுதி, பக்கத்துக் கட்டத்தில் அதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து உலக நேரத்தை ஷீட்டே போட்டுக்கொள்ளட்டும். வெளிநாட்டு செயற்கைக்கோள் படங்களில் உலக நேரம்தான் இருக்கும், 18.10க்குப் பார்த்ததை 12.40 படத்தோடுதான் ஒப்பிட வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் நேரமும் இடமும் போய்விடும், படமும் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்வர்டு? எடுத்தவர் யார் என்று தெரிந்து அவரிடமே மூலக் கோப்பு வாங்க முடிந்தால் சேருங்கள். முடியாவிட்டால் குப்பை.

காசிமேடு கரை:

சார், எல்லாம் மொட்டைமாடியிலிருந்தே பேசுகிறீர்கள். இதை அதிகமாகப் பார்ப்பது கடலில் இருக்கிறவர்கள். மேகம் தண்ணி எடுக்குது என்று எங்கள் பெரியவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள், யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கும், கொஞ்ச நேரத்தில் மெலிந்து அறுந்துவிடும். காற்றே பெரிதாக இல்லாத நாளில், வரிசையாக மேகம் கட்டி அடிவயிறு கறுத்திருந்தால் பார்க்கலாம். படகில் இருக்கிறவரிடம் போய் ஷீட் நிரப்பு என்றால் நிரப்ப மாட்டார், உயிரைப் பார்ப்பாரா உங்கள் கட்டத்தைப் பார்ப்பாரா? அது போகும் பாதைக்குக் குறுக்காக விலகிப்போகத்தான் பார்ப்பார்.

கரைக்கு வந்த பிறகு உட்காரவைத்துக் கேளுங்கள். டிகிரி கேட்காதீர்கள். எத்தனை பாகம் (கடலாழம் சொல்லும் எங்கள் அளவு) ஆழத்தில் இருந்தீர்கள், கரையில் எது எதற்கு நேராகத் தெரிந்தது, வாடைக்காற்றா தென்காற்றா, அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள். இப்போது நிறைய பேரிடம் ஜிபிஎஸ் கருவியும் இருக்கிறது, பார்த்த இடத்தை அழுத்திவைக்கச் சொன்னால் போதும். குரல்பதிவாக வாங்கி உங்களில் ஒருவர் ஷீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ரேடார் பித்தன்:

காசிமேடு அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. "ரேடாரில் ஒன்றும் இல்லையே, அதனால் பொய்" என்று ஒருவர் எப்போதும் கிளம்புவார், அவருக்காக இது: துறைமுகத்தில் இருக்கும் சென்னை டாப்ளர் ரேடாரின் கற்றை சுமார் ஒரு டிகிரி அகலம். 60 கிலோமீட்டர் போனால் அதுவே ஒரு கிலோமீட்டர் அகலமாகிவிடும். சில பத்து மீட்டர் அகலமுள்ள நீர்ச்சுழல் அதில் எங்கே தெரியும்? தாய் மேகம் தெரிந்தாலே பெரிது. அதனால்தான் ரேடார் குவிந்து கிடக்கும் அமெரிக்காவிலேயே ஸ்கைவார்ன் என்று தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1974லிருந்து டோரோ என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது.

"இந்தியாவில் வராது" என்பவர்களுக்கு: 1978 மார்ச்சில் வடக்கு டெல்லியில் வந்தது, 1998 மார்ச்சில் மேற்கு வங்க, ஒடிசா எல்லையில் வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். யாஸ் புயல் கரை கடப்பதற்கு முந்தைய நாள், 2021 மே 25, மேற்கு வங்கத்தின் ஹூக்ளிப் பக்கம் வந்தது. புயலின் வெளிவட்ட மழைப்பட்டைகளில் இப்படிச் சின்னதாக முளைப்பது உலகத்தில் புதிதல்ல. புயல் நாளில் நம் குழு வெறும் மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

தரம் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபுஜிட்டா அளவுகோல் சேதத்தைப் பார்த்துப் போடுவது, கூம்பு எவ்வளவு தடிமன் என்று பார்த்து அல்ல. கடலில் சேதத்துக்கு எங்கே போவீர்கள்? தரையில் மரம் விழுந்திருந்தால் எந்த மரம் எந்தத் திசையில் தலைவைத்து விழுந்தது என்று மரத்துக்கு மரம் குறியுங்கள். எல்லாம் ஒரே பக்கமோ விசிறி விரித்தாற்போலவோ விழுந்திருந்தால் பெரும்பாலும் மேகத்திலிருந்து கீழ்நோக்கிக் கொட்டிய காற்று. குறுகலான ஒரு தடத்தில் ஒன்றை நோக்கி ஒன்று குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருந்தால் சுழற்சியைச் சந்தேகிக்கலாம். மாநகராட்சி ஆட்கள் வெட்டி அள்ளுவதற்குள் போக வேண்டும், அதுதான் கஷ்டம்.

தரத்துக்குப் பதில் நம்பகம் போடுங்கள். ஐரோப்பியக் கடும் வானிலைத் தரவுத்தளத்தில் "வந்தது வந்தபடி", "நம்பத்தக்கது", "உறுதியானது", "முழுதாகச் சரிபார்த்தது" என்று படிகள் இருக்கின்றன. நாமும் பதிவை அழிக்காமல் படியை மட்டும் ஏற்றி இறக்கலாம்.

வேளச்சேரி மொட்டைமாடி:

எல்லாருக்கும் நன்றி. சண்டை வரும் என்று நினைத்துதான் கேட்டேன். இப்போதைக்கு இப்படி வைக்கிறேன்: நின்ற இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், படத்தில் உள்ள அடையாளம், சுழற்சி தெரிந்ததா, அடியில் என்ன தெரிந்தது, நகர்ந்த திசை, மழை, ஆலங்கட்டி, இடி, மூலக் கோப்பு யாரிடம். பெயர் சூட்டும் கட்டமும் நம்பகப் படியும் மூன்று பேர் மட்டும் திருத்தும்படி பூட்டிவிடுகிறேன். காசிமேடு அண்ணா, குரல்பதிவுக்கு யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

பழைய அப்சர்வர்:

ஒரு கட்டம் விட்டுப்போயிற்று: வெறும் கண்ணால் பார்த்தாரா, கேமரா திரையில் மட்டும் பார்த்தாரா. அப்புறம் ஷீட்டின் தலையிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள், இடிச் சத்தம் கேட்டால் மாடியை விட்டு இறங்கு, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்து ஏறு. ஜன்னல் வழியாக எடுத்த படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று அங்கேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் இளவட்டங்கள் கேட்காது.

காசிமேடு கரை:

தனிச்செய்தி அனுப்பிவிட்டேன். மதியம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள், காலையில் ஏலம், யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.