கலைச்சொல்: ‘நோ-ரின்ஸ் சானிட்டைசர்’ – ‘வடிதணிப்பி’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் நொதிக்கவைத்துச் செய்யும் பானங்கள் குறித்த நம் உரையாடல் இழையில் ‘நோ-ரின்ஸ் சானிட்டைசர்’ (கலனில் பட்டபின் தண்ணீரால் அலசத் தேவையில்லாத, கிருமிகளைக் குறைக்கும் திரவம்) என்பதற்கு ‘அலசாக் கிருமிநாசினி’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருந்தது. முன்மொழிந்த நண்பரின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் அச்சொல்லின் இரு பகுதிகளிலும் எனக்கு உடன்பாடில்லை. என் தயக்கம் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியது என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

‘கிருமிநாசினி’ என்னும் சொல் 2020-க்குப் பிறகு எல்லார் வாயிலும் புழங்கி, தரை துடைக்கும் பினாயில், கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர், கையில் தேய்க்கும் திரவம் ஆகிய அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அந்தப் பெயர் எழுதிய புட்டியிலிருந்து ஊற்றிய எதையும், வாடை போகும்வரை நாலைந்து முறை அலசிய பிறகே நம் வீடுகளில் பாத்திரத்தை எடுப்பார்கள். பிளீச்சிங் கரைசலைப் பொறுத்தவரை அது சரியான பழக்கமே. ஆனால் ஸ்டார் சான் போன்ற அமிலவகைத் திரவத்தை லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 மில்லிலிட்டர் என்ற அளவில் கலந்தாலோ, அயோடின் சேர்ந்த திரவமான அயோடோஃபாரைப் பத்து லட்சத்தில் 12.5 பங்கு அயோடின் இருக்கும்படி கலந்தாலோ, நொதிகலனில் (பானத்தை நொதிக்க வைக்கும் கலனில்) சில நிமிடம் படவிட்டு வடித்தால் போதும். அதன்பின் அலசினால் தண்ணீர் வீணாவதோடு, கொதிக்க வைக்காத கிணற்று நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மீண்டும் கலனுக்குள் வந்துசேர்கின்றன. செய்த வேலையை நாமே அழித்தவர்களாகிறோம்.

மேலும், ‘நாசம்’ என்பது இங்கு மிகைக்கூற்று. உணவு படும் பரப்புகளுக்கான சானிட்டைசர் 30 நொடியில் பாக்டீரியாக்களை 99.999 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பதே அமெரிக்க அளவுகோல். முற்றாக ஒழிப்பதற்கு 121 பாகை செல்சியஸ் அழுத்த நீராவி போன்ற வேறு வழிகள் உள்ளன. ஆகவே ஒழிப்பதைக் ‘கிருமியொழிப்பு’ என்றும், குறைப்பதைக் ‘கிருமித்தணிப்பு’ என்றும் பிரித்து, தணிக்கும் பொருளைத் ‘தணிப்பி’ என்று வழங்கலாம்.

இனி ‘அலசா’ என்னும் முன்னொட்டு. ‘அலசாத பாத்திரம்’ என்பது நம் அடுக்களையில் வசைச்சொல். அதை ஒரு நல்ல பொருளின் பெயராக்கினால் யாரும் நம்பிக்கையோடு கையாள மாட்டார்கள். செய்யாதே என்று சொல்வதைவிட அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பெயரே பயன்படும். ஆகவே வடிகஞ்சி, ஊறுகாய் என்பவற்றைப்போல வினைத்தொகையாக, பயன்படுத்தியபின் வடித்தால் போதும் என்பதை ‘வடிதணிப்பி’ என்றும், கட்டாயம் அலச வேண்டியதை ‘அலசுதணிப்பி’ என்றும் வழங்க முன்மொழிகிறேன். வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லினம் மிகாது. ‘வடி’ என்றால் வடிகட்டி நினைவுக்கு வரும் என்று ஒருவர் மறுக்கலாம்; ‘தணிப்பி’ உடன் நிற்கையில் அந்த மயக்கம் நீடிக்காது என்றே கருதுகிறேன். எங்கள் பக்கம் ‘அலம்பு’ என்பதே பேச்சுவழக்கு; எனினும் எல்லா ஊரார்க்கும் விளங்கும் என்பதால் ‘அலசு’ என்பதை எடுத்துக்கொண்டேன்.

கலனில் எதையும் விட்டுவைப்பது நமக்கு ஒவ்வாத பழக்கம் என்ற கருத்தையும் இழையில் கண்டேன். குமரி மாவட்டத்துப் பனையேறிகள் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுவதை அந்த நண்பருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அந்தப் பூச்சை யாரும் அலசிவிட்டுக் கட்டுவதில்லை. அதன் காரத்தன்மை நொதித்தலைத் தடுப்பதால்தான் நமக்குக் கள்ளுக்குப் பதில் பதநீர் கிடைக்கிறது. கலயத்தில் காரம் செய்வதை நொதிகலனில் அமிலம் செய்கிறது. அளவறிந்து விட்டுவைப்பது என்னும் கருத்து நம் பனங்காட்டுக்குப் புதிதன்று.

மதுவிலக்குச் சட்டம் காரணமாக நம் மாநிலத்தில் வீட்டில் பியர் காய்ச்ச இடமில்லை. இந்த முறைகள் பெரும்பாலும் அயல்நாட்டு வீட்டுக் காய்ச்சலாளர்களிடையே வளர்ந்தவை. ஆனால் இங்கே கொம்புச்சாவும் (நொதித்த தேநீர்) வினிகரும் செய்வோருக்கு இதே கண்ணாடிக் கலன்களும் பரணிகளும் (சாடிகள்), இதே கழுவும் வேலையும் உண்டு. குமரி இரு பருவமழையும் பெறும் மாவட்டமாயினும் கடற்கரையோரக் கிணறுகள் பல கோடையில் உப்புக் கரிக்கும்; அங்கெல்லாம் நல்ல தண்ணீர் குடத்தில் அளந்து வைக்கப்படும் பொருள்.

உண்மையில் தண்ணீர் மிகுதியாகச் செலவாவது தணிப்புக்கு முந்தைய அலசலில்தான். அழுக்கும் சோப்பும் போகாத பரப்பில் எந்தத் தணிப்பியும் வேலை செய்யாது என்பதால் அந்த அலசலைத் தவிர்க்க இயலாது; பகுத்துச் செய்யலாம். கழுவி வடித்த 20 லிட்டர்க் கலனின் சுவரில் 100 மில்லிலிட்டர் சோப்பு நீர் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிச் சுழற்றிக் கொட்டினால் சோப்பின் செறிவு பதினொன்றில் ஒரு பங்காகும். அதே லிட்டரை இரண்டு அரை லிட்டராக ஊற்றினால் முப்பத்தாறில் ஒரு பங்கு. நான்கு கால் லிட்டராக ஊற்றினால் ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும் நன்கு சுழற்றி, கவிழ்த்துச் சொட்டவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கடைசி அலசல் நீரைக் கொட்டாமல் அடுத்த கலனுக்கு முதல் அலசலாக்கினால் இன்னும் மிச்சமாகும். இதற்குப் ‘பகுத்தலசல்’ என்ற சொல்லையும் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.

தணிப்பியைத் தொட்டி நிறையக் கலக்கவும் தேவையில்லை. ஒரு லிட்டர் கலந்து தெளிப்பானில் ஊற்றி, கலனின் உட்சுவர் முழுதும் நனைந்து நுரை படியும்படி தெளித்து, மூடியையும் குழாயையும் அதே கரைசலில் நனைத்து வடியவிட்டால் போதும். உப்புச்செறிவு மிக்க கிணற்று நீரில் அமிலவகைத் தணிப்பி விரைவில் கலங்கிவிடும். காய்ச்சிவடித்த நீரில் கலந்தால் நெடுநாள் தெளிவாக நிற்கும். கார அமில அளவு (pH) 3-ஐ விடக் கூடாமல் இருக்கிறதா என்று காட்டித்தாளால் பார்த்துக்கொள்வது நல்லது. பிளீச்சிங் கரைசலும் அமிலவகைத் தணிப்பியும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். ஆகவே இரண்டையும் ‘கிருமிநாசினி’ என்ற ஒரே பெயரில் ஒரே அலமாரியில் வைப்பது ஆபத்தானது என்பதையும் குழு கருத்தில் கொள்ள வேண்டும்.

அகரமுதலிக்கான என் வரைவு வருமாறு. வடிதணிப்பி: குறித்த அளவில் கலந்து, குறித்த நேரம் படவிட்டு, அலசாமல் வடித்துவிட்டுக் கலனைப் பயன்படுத்தத்தக்க கிருமித்தணிப்பி. ‘குறித்த அளவில்’ என்ற தொடரை எவரும் சுருக்கத்துக்காக நீக்கிவிட வேண்டாம். அளவு மிகுந்தால் அதுவும் அலசுதணிப்பியே.