'உடன்பொதி': நூலகங்களையும் சேர்த்துக் கட்டிய செயலிக்கு ஒரு சொல்

அவையோர்க்கு வணக்கம்.

ஒரு நிரலை, அது நம்பியிருக்கும் நூலகங்களையும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளையும்) சேர்த்து, பயனரின் கணினியில் பைத்தான் மொழி முதலிய எதுவும் நிறுவப்பட்டிராவிட்டாலும் இரட்டைச் சொடுக்கில் ஓடும்படி ஒரே கோப்பாக ஆக்கித் தருகிறோமே, அந்தக் கோப்புக்குத் தமிழில் என்ன பெயர் என்ற பேச்சு இரண்டு வாரமாக இங்கே நடக்கிறது. இதுவரை வந்தவற்றில் 'தனித்தியங்கு கோப்பு', 'தன்னிறைவுச் செயலி', 'தற்சார்புச் செயலி' ஆகிய மூன்றுக்கும் ஆதரவு மிகுதி. மூன்றும் செவிக்கு இனியவை, இலக்கணமும் பிசகவில்லை. ஆனால் மூன்றும் அந்தக் கோப்பைப் பற்றி உண்மையல்லாத ஒன்றைச் சொல்கின்றன என்பதே என் தயக்கம்.

என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். பள்ளியில் ஆசிரியராக இருக்கும் என் தங்கைக்காக, மாணவர் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாராட்டுச் சான்றிதழ்களைப் படங்களாக ஆக்கித் தரும் சிறு நிரலொன்றைப் பைத்தானில் எழுதினேன். படத்தின்மேல் எழுத்தைப் பதிக்கும் வேலையைப் பில்லோ நூலகம் பார்த்துக்கொண்டது. நிரலைப் பைஇன்ஸ்டாலர் என்ற கருவி கொண்டு ஒற்றைக் கோப்பாக்கி, என் விண்டோஸ் கணினியில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அன்று மாலை அவள் திருப்பியனுப்பிய சான்றிதழில், பெயருக்கு முன்னால் வரவேண்டிய 'செல்வி' என்ற சொல்லில் சகரம் முதலில் நின்றது. ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் லகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்பது சான்றிதழ்களிலும் கொம்புள்ள எழுத்தெல்லாம் அப்படியே.

காரணம் இதுதான். ஒருங்குறியில் 'செ' என்பது முதலில் சகரம், பின்னர் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துகளின் வடிவங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தி அடுக்கும் நூலகங்களின் வேலை. பில்லோவில் அதைச் செய்வது ராக்ம் என்ற நூலகம். அதற்குப் பின்னணியில் ஹார்ஃப்பஸ், ஃபிரிபிடி என்ற இரண்டும் வேண்டும். பில்லோ தன் ஆயத்தப் பொதிகளில் ராக்மைச் சேர்த்தே தருகிறது. ஆனால் ஃபிரிபிடியை மட்டும் ஓடும் நேரத்தில் அந்தக் கணினியில் தேடிப் பார்த்து, இருந்தால் எடுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் எந்தக் குறையும் சொல்லாமல் எளிய அடுக்குமுறைக்கு மாறிவிடுகிறது. என் கணினியில் ஃபிரிபிடியை எப்போதோ நானே போட்டு வைத்திருந்தேன், போட்டதையும் மறந்திருந்தேன். பைஇன்ஸ்டாலர் நிரலிலுள்ள இறக்குமதி வரிகளையும், ஒவ்வொரு இருமக் கோப்பும் தன் சார்புகளாக அறிவித்திருக்கும் பட்டியலையும் படித்துத்தான் எதையெதைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. ஓடும் நேரத்தில் பெயர் சொல்லித் தேடப்படும் நூலகம் அந்தப் பட்டியல் எதிலும் இல்லை. ஆக, நான் 'தன்னிறைவு' என்று நம்பி அனுப்பிய கோப்பு, சத்தமில்லாமல் என் கணினியின்மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

இது என் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம். ஆனால் கவனமாகச் செய்தாலும் இந்தக் கோப்புகள் எதையாவது சார்ந்தே இருக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டுள்ளன. லினக்சில் பைஇன்ஸ்டாலர், சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியை வேண்டுமென்றே சேர்க்காமல் விடுகிறது. அதனால்தான் ஆதரிக்க விரும்பும் பதிப்புகளில் மிகப் பழையதன்மேல் வைத்தே கோப்பை உருவாக்குங்கள் என்று அறிவுறுத்துகிறார்கள். லினக்ஸ் செயலிகளை ஒரே கோப்பாக்கும் ஆப்இமேஜின் கதை இன்னும் சுவையானது. சைமன் பீட்டர் 2004இல் கிளிக் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஆப்இமேஜாக வளர்த்த அந்த முறையின் கொள்கையே 'ஒரு செயலிக்கு ஒரு கோப்பு' என்பது. கோப்புக்குள் ஒரு சிறு கோப்பு முறைமை சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஓடும்போது ஃபியூஸ் என்ற வசதியின் துணையோடு அது ஏற்றப்படும். லினக்ஸ் வழங்கலான உபுண்டுவின் 22.04 பதிப்பு வெளிவந்தபோது ஃபியூஸின் இரண்டாம் பதிப்பு நூலகம் இயல்பாக நிறுவப்படாமல் போகவே, அன்றுவரை ஓடிய ஆப்இமேஜ்கள் பல ஓட மறுத்தன. 'தனித்தியங்கு' கோப்பை ஓட்டுவதற்கு முதலில் ஒரு நூலகத்தை நிறுவ வேண்டியிருந்தது!

'தனித்தியங்கு' என்பதில் வேறொரு இடைஞ்சலும் உண்டு. கணித்தமிழில் 'இயங்கு' என்ற வினை ஏற்கெனவே தலைக்குமேல் சுமந்துகொண்டிருக்கிறது: இயங்குதளம், இயக்கமுறைமை, வன்பொருளுக்கான இயக்கி, இயங்குநிலை நூலகம், இயங்குகோப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். 'இயங்குநிலை நூலகங்களைக் கொண்டு இயங்குதளத்தில் தனித்தியங்கும் இயங்குகோப்பு' என்று உதவிக்குறிப்பில் எழுதிவிட்டுப் படிப்பவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இன்னொரு தெளிவும் வேண்டும். இங்கே ஒரு நண்பர் நிலைப்பிணைப்பையும் இதையும் ஒன்றாகவே பேசினார். நிலைப்பிணைப்பில் நூலகத்தின் குறிமுறை நிரலுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. கோ மொழியில் எழுதும் நிரல்கள் பெரும்பாலும் இந்த வகை. பைஇன்ஸ்டாலரிலோ நூலகங்கள் கரைவதில்லை. ஒற்றைக் கோப்பாகச் செய்த செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே தற்காலிகக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அடிக்கோட்டோடு எம், ஈ, ஐ என்ற மூன்று எழுத்தில் தொடங்கி எண்களில் முடியும் புதிய கோப்புறை ஒன்று முளைத்திருக்கும். அதற்குள் பைத்தானின் நூலகக் கோப்பும் மற்றவையும் தனித்தனியாகக் கிடக்கும். செயலியை மூடியதும் அந்தக் கோப்புறை மறைந்துவிடும். உரிமத்தைப் பொறுத்தும் இந்த வேறுபாடு முக்கியமானது: எல்ஜிபிஎல் உரிமமுள்ள நூலகத்தைப் பயனர் மாற்றிக்கொள்ள வழி இருக்கவேண்டும் என்பதால், கரைத்துச் சேர்த்தவருக்கும் பிரித்தெடுக்கும்படி சேர்த்தவருக்கும் கடமைகள் ஒன்றல்ல. எனவே 'பிணை' என்ற வினையை அதன் வேலைக்கே விட்டுவிட்டு, கரைக்காமல் கூடவே எடுத்துச் செல்வதற்கு வேறு வினை தேடவேண்டும்.

கூடவே எடுத்துச் செல்வது என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது கட்டுச்சோறு. போகிற ஊரில் என்ன கிடைக்குமோ என்று, சோற்றோடு தொட்டுக்கொள்ளத் துவையலையும் வைத்துக் கட்டிக்கொண்டு போகிற பழக்கம்தானே இது? 'கட்டுச்செயலி' என்று எழுதிப் பார்த்தேன். எழுதிய கையோடு அடித்தும்விட்டேன். நாம் இருபது ஆண்டுகளாகக் 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லிவருகிறோம். அதன் பக்கத்தில் 'கட்டுச்செயலி' நின்றால், உரிமத் தளையிட்ட மென்பொருள் என்றே எவரும் பொருள் கொள்வர்.

கட்டுச்சோற்றின் பழைய பெயர் கைகொடுத்தது. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்த அப்பருக்கு வழியில் இறைவன் அளித்ததாகச் சொல்லப்படுவது பொதிசோறு. 'பொதி' பெயராகவும் வினையாகவும் நிற்கும். உள்ளே வைத்து மூடுதல் என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. உள்ளிருப்பது கரைந்துபோனதாகவும் தோன்றாது. இதோடு 'உடன்' சேர்த்து 'உடன்பொதி' என்ற வினையை முன்வைக்கிறேன். நூலகங்களை உடன்பொதிதல், உடன்பொதி நூலகம், உடன்பொதி செயலி, இந்த வேலையைச் செய்யும் கருவிக்குப் 'பொதிப்பி', ஓடும்போது தற்காலிகக் கோப்புறையில் விரிவதற்குப் 'பொதியவிழ்தல்'. மொட்டு மலர்வதைச் சொன்ன பழைய ஆட்சி என்பதால் இந்தக் கடைசிச் சொல்லின்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்தி பற்றிக் கேட்பவர்களுக்கு: பொதிசோறு வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகவில்லை, அதே முறையில் 'உடன்பொதி செயலி' என்றே எழுதவேண்டும், சகர ஒற்று வேண்டாம்.

அன்புடன்.

மறுமொழி

ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

தங்கள் வாதத்தின் முதற்பகுதியை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். சொல்லைப் பற்றி மூன்று ஐயங்கள் உள்ளன.

ஒன்று, 'உடன்' என்பதை இன்றைய வாசகர் 'உடனடியாக' என்றே முதலில் விளங்கிக்கொள்வார். 'உடன்பொதி' என்றால் விரைவாகப் பொதி செய்தல் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல இயலாது. இரண்டு, உபுண்டு போன்றவற்றில் நிறுவுவதற்கென்று வரும் தொகுதியையும் நம்மில் பலர் 'பொதி' என்றே எழுதுகிறோம். அதுவோ தன் நூலகங்களைக் கூடக் கொண்டுவராமல், தேவையானவற்றின் பட்டியலை மட்டும் கொண்டுவருவது. நேர் எதிரான இரண்டுக்கு ஒரே வேர் பொருந்துமா? மூன்று, 'செயலி' எங்கள் பக்கத்தில் இன்னும் முழுதாக வேரூன்றவில்லை. எமது பாடநூல்களில் தாங்கள் சொல்லும் இயங்குதளம் 'பணிசெயல் முறைமை' ஆகும். தமிழ்நாட்டிலேயே 'நுண்செயலி' என்று சில்லைக் குறித்த சொல்தான் பிற்பாடு கைப்பேசிக்குள் குடிபெயர்ந்தது என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

இவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்கிறேன். தங்கள் தங்கையைப் போன்ற பயனருக்கு இந்தச் சொல் எதற்கு? பதிவிறக்கும் இடத்தில் 'நிறுவத் தேவையில்லை' என்ற இரண்டு சொற்கள் போதாவா?

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றாவது ஐயத்தை உடனே ஏற்கிறேன். 'உடன்பொதி' என்பதை அடைமொழியாக வைத்துக்கொண்டால் பின்னால் செயலி, நிரல், கோப்பு என்று எதையும் அவரவர் வழக்கப்படி சேர்த்துக்கொள்ளலாம்; 'செயலி' பற்றிய சண்டையை இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம்.

'உடன்' பற்றிய ஐயம் நியாயமானது. ஆனாலும் தனியே நிற்கும்போதுதான் அந்தச் சொல் 'உடனடி'யாகிறது, சொல்லின் முன்னொட்டாக வரும்போது 'கூட' என்ற பொருளையே பெரும்பாலும் தக்கவைத்திருக்கிறது. உடன்பிறப்பு, உடன்பாடு, உடன்படிக்கை எதையும் நாம் விரைவு என்று படிப்பதில்லை. அகத்திணையின் உடன்போக்கையும் எண்ணிப் பாருங்கள்: நூலகம் தான் பிறந்து வளர்ந்த முறைமையை விட்டுவிட்டு நிரலின் கைப்பிடித்துக் கிளம்பிப் போகிறது. உவமை அளவுமீறிப் போகிறது என்று நீங்கள் சொல்வதற்குள் நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாவது ஐயம்தான் கனமானது. ஆனால் அது எனக்குச் சார்பாகவே முடிகிறது. வெறும் 'பொதி'க்கும் 'உடன்பொதி'க்கும் இடையிலுள்ள அந்த வேறுபாடுதான் பயனருக்குத் தெரியவேண்டியது. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பழுது வெளிப்பட்டபோது, முறைமையின் நூலகத்தைப் பயன்படுத்திய நிரல்களுக்கெல்லாம் அந்த ஒரு நூலகத்தைப் புதுப்பித்து, நிரல்களை மறுதொடக்கம் செய்தாலே போதுமாக இருந்தது. பழுதான பதிப்பைத் தனக்குள் பொதிந்து வைத்திருந்த நிரல் ஒவ்வொன்றையும் அதன் ஆசிரியரே மறுபடி பொதிந்து வெளியிடவேண்டியிருந்தது. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் நூலகங்களின் படிகளை நிரலுக்குள் சேர்த்து வைப்பதை விரும்பாமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம். 'தன்னிறைவு' என்று பெயரிட்டால் பயனர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். 'உடன்பொதி' என்றால், உள்ளே இருப்பது எப்போது கட்டியது என்று கேட்கவாவது தோன்றும். கட்டுச்சோறு மறுநாளுக்கு ஆகாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பதிவிறக்கும் இடத்தில் 'நிறுவத் தேவையில்லை' என்று எழுதலாம் என்ற உங்கள் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் தங்கைக்கு அது போதும். 'உடன்பொதி' உதவிக்குறிப்புகளிலும், பொதிப்பிகளின் இடைமுகத்திலும், நிரலாளருக்கான பாடங்களிலும் இருக்கட்டும். ஒற்றைக் கோப்பு, ஒற்றைக் கோப்புறை என்று பொதிப்பி தரும் இரண்டு தெரிவுகளுக்கு அந்தச் சொற்களே போதுமானவை. அங்கே புதிதாக எதையும் புனைய வேண்டாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று மீதமிருக்கிறது. ஃபிரிபிடி போல, பொதிப்பியின் கண்ணில் படாமல் ஓடும் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் நூலகத்துக்கு என்ன பெயர்? 'மறைசார்பு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். மறைக்கப்பட்ட சார்பு என்றும் மறைந்திருக்கும் சார்பு என்றும் இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பது உறுத்துகிறது. யாரும் அதை மறைக்கவில்லை, பொதிப்பி பார்க்கவில்லை, அவ்வளவுதான். 'காணாச்சார்பு' என்றால் கொஞ்சம் நேர்மையாக இருக்குமா? வரும் ஞாயிறன்று இடைமுக மொழிபெயர்ப்பை ஒப்படைக்கவேண்டும். அதற்குள் உங்கள் பக்கத்தில் வழங்கும் சொல் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். அதுவரை அந்த இடைமுகத்தின் எச்சரிக்கை வரி இப்படி நிற்கிறது: 'நூலகங்கள் உடன்பொதியப்பட்டன. காணாச்சார்புகள் இருக்கக்கூடும், வேறொரு கணினியில் ஓட்டிப் பார்க்கவும்.'