கொடை விழா வில்லிசைப் பதிவைத் தொகுக்க, குறைந்த செலவில் எந்த மென்பொருள் ஏற்றது?

களக்காட்டான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சுடலைமாட சுவாமி கோயில் கொடையில் நடந்த வில்லிசையை இந்த ஆண்டு மூன்று வகையில் பதிவு செய்திருக்கிறோம்: மேடைக்கு நேர் எதிரே ஒரு கைப்பேசி, குடம் அடிப்பவர் பக்கம் இன்னொரு கைப்பேசி, ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து (மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) தனியாக எடுத்த ஒலி. ஒவ்வொன்றும் நான்கு மணி நேரப் பதிவு. வில்லிசைப் புலவரின் அனுமதி பெற்றுவிட்டோம். கதை முழுவதையும் ஒழுங்காகத் தொகுத்து, மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் எங்கள் வரிதாரர்கள் (கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பத்தார்) பார்க்கும்படி யூடியூபில் ஏற்ற வேண்டும்.

என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் உள்ள ஐ5 லேப்டாப். விண்டோஸ் இருக்கிறது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. விழாக் கமிட்டி 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அதற்கு மேல் கேட்க இயலாது. மாதாமாதம் சந்தா கட்டும் மென்பொருள் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இலவசமாக இறக்கிய ஒரு செயலியில் தொகுத்துப் பார்த்தேன். அதன் வாட்டர்மார்க் (படத்தின் மேல் தானாக வரும் நிறுவன முத்திரை) சாமியின் அலங்காரத்துக்கு மேலேயே வந்து நிற்கிறது. விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றின் கிராக் பிரதியை (உரிமப் பூட்டை உடைத்த திருட்டு நகலை) 500 ரூபாய்க்குப் போட்டுத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்த அண்ணாச்சிமாரும் அக்காமாரும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பொருநைக்கரை

தம்பி, உங்கள் மனம் ஒப்பாததே சரி. கிராக் பிரதியை நிறுவும்போது ஆன்ட்டிவைரஸை அணைத்துவிடச் சொல்வார்கள். அந்த நேரத்தில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஏதேனும் உள்ளே புகுந்துவிட்டால், மறுபடி எடுக்கவே முடியாத ஓர் இரவின் பதிவு மொத்தமும் போய்விடும். காசு கொடுக்காமலே முறையாகப் பயன்படுத்தக்கூடிய நல்ல மென்பொருள்கள் இருக்கும்போது இந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

உங்கள் லேப்டாப்புக்கு நான் பரிந்துரைப்பது கேடென்லைவ். இது கேடிஇ என்ற மென்பொருள் சமூகத்தினர் பராமரித்துவரும் திறமூல மென்பொருள், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் இலவச மென்பொருள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், வாட்டர்மார்க்கும் காலக்கெடுவும் கிடையாது. ப்ராக்ஸி என்ற வசதிதான் உங்களுக்கு முக்கியம். அதை இயக்கினால், ஒவ்வொரு வீடியோவுக்கும் அளவில் சிறிய நகல் ஒன்றை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகலில் நடப்பதால் பழைய கணினியும் திணறாது, கடைசியில் ரெண்டர் செய்யும்போது (தொகுத்ததை ஒரே வீடியோக் கோப்பாக எடுக்கும்போது) அசல் கோப்பிலிருந்தே படம் எடுக்கப்படுவதால் தரமும் குறையாது. மிக்சர் ஒலியை ஆதாரமாக வைத்துவிட்டால், இரண்டு கைப்பேசிப் பதிவுகளையும் அவற்றின் ஒலியை ஒப்பிட்டுச் சரியான இடத்தில் நகர்த்தி நிறுத்தும் வசதியும் அதில் உண்டு. ஷாட்கட் என்பதும் இதே வகையைச் சேர்ந்த நல்ல மென்பொருள்தான். கேடென்லைவ் கைக்கு வராவிட்டால் அதை முயன்று பாருங்கள்.

எந்த மென்பொருளானாலும், அதில் கோப்புகளைப் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விநாடிக்கு 30 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்று அமைத்திருந்தாலும் கைப்பேசிகள் வெளிச்சத்தைப் பொறுத்து அந்த எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் எடுக்கும். நள்ளிரவுப் பதிவில் இது அதிகம். தொடக்கத்தில் எல்லாம் பொருந்தி வரும். போகப் போகப் படமும் ஒலியும் விலகி, வீசுகோல் வில்லின் நாணில் படுவதற்கு முன்பே மணியோசை கேட்கத் தொடங்கிவிடும். ஆகவே ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் இரண்டு வீடியோக்களையும் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் (மாறாத ஃப்ரேம் எண்ணிக்கை) என்ற தேர்வோடு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப்பில் இதற்கு வெகு நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடலாம். அதன் பிறகும் சிறு விலகல் தெரிந்தால், புலவர் கதையை நிறுத்தி இளைப்பாறும் இடங்களில் பதிவைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஒத்திசைத்துவிடுங்கள்.

ரதவீதிக்காரி

தம்பி, நான் திருநெல்வேலி டவுணில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவள். அண்ணாச்சி சொன்னதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வெளியிடும் அதன் இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் இல்லை. 4கே வரை ரெண்டர் செய்யலாம். நிறத்தைச் சரிசெய்வதில் அதற்கு இணையாக இலவசத்தில் வேறொன்றை நான் பார்த்ததில்லை. டியூப் லைட்டும் சீரியல் செட்டும் கலந்து விழுந்து பச்சையாகிப்போன முகங்களை அதில் மீட்டுவிடலாம். இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளை நீக்கும் கருவி மட்டும் 295 டாலர் விலையுள்ள ஸ்டூடியோ பதிப்பில்தான் கிடைக்கும். தடை எங்கே இருக்கிறதென்றால், அந்த மென்பொருள் 16 ஜிபி ரேமை எதிர்பார்க்கும், தனி கிராபிக்ஸ் கார்டும் இருந்தால்தான் சீராக ஓடும். உங்கள் லேப்டாப்பில் அதைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும். வேகத்துக்காக லினக்ஸுக்கு மாறி அதில் ரிசால்வ் போடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். லினக்ஸில் இலவசப் பதிப்பு கைப்பேசிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் எச்.264 என்ற சுருக்க வடிவிலுள்ள வீடியோக்களைத் திறக்காது. ஒவ்வொன்றையும் பல மடங்கு பெரிய கோப்பாக மாற்றிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே மென்பொருளுக்கென்று கமிட்டிப் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த 5,000 ரூபாயைக் கணினிக்குச் செலவிடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்டாலே லேப்டாப்பின் நடை மாறிவிடும். பணம் மிஞ்சினால் ரேமைக் கூட்டுங்கள். வாங்குவதற்கு முன், லேப்டாப்பில் ரேமுக்குக் காலி இடம் இருக்கிறதா, எந்த வகை ரேம் பொருந்தும் என்பதை வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ உள்ள கடையில் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். விநாடிக்கு 17 மெகாபிட் வீதம் எடுத்த வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7.6 ஜிபி இடம் பிடிக்கும். உங்கள் இரண்டு கைப்பேசிப் பதிவுகளும் சேர்ந்து 60 ஜிபியைத் தாண்டும். மாற்றிய கோப்புகளும் ப்ராக்ஸியும் அதற்கு மேல். எஸ்எஸ்டியின் அளவை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாமல் யூஎஸ்பி உறை ஒன்றில் பொருத்தி, அசல் பதிவுகளின் இன்னொரு பிரதியை அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பைத் தட்டச்சர்

டைட்டில் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ‘கொடை’ என்று எழுதினால், ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், துணைக்கால் தனியே தொங்கும். அதனால்தான் பல ஸ்டூடியோக்களில் இன்றும் பாமினி போன்ற, யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) அல்லாத பழைய எழுத்துருக்களை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேடென்லைவின் டைட்டில் கருவியில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், திரையில் தெளிவாகவும் இருக்கும். எழுத்து உடையும் மென்பொருள் வாய்த்துவிட்டால், பெயர்ப் பட்டியலை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து வீடியோவின் மேல் வைத்துவிடலாம். வரிதாரர் பெயர்களை அச்சடித்து, கமிட்டிப் பெரியவர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே ரெண்டர் கொடுங்கள். பெயர் விடுபட்டால் வரும் மனவருத்தம் லேசில் தீராது.

களக்காட்டான்

மூவருக்கும் மிக்க நன்றி. கேடென்லைவ், எஸ்எஸ்டி என்று முடிவு செய்துவிட்டேன். நான்கு மணி நேர வீடியோவை யூடியூப் ஏற்றுக்கொள்ளுமா, அல்லது துண்டு துண்டாகத்தான் போட வேண்டுமா?

ரதவீதிக்காரி

ஏற்றுக்கொள்ளும் தம்பி. கைப்பேசி எண் கொடுத்துச் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடம்தான் வரம்பு. சரிபார்த்துவிட்டால் 12 மணி நேரம் வரை ஏற்றலாம். 1080பி அளவில், எச்.264 வடிவில், விநாடிக்கு 8 மெகாபிட் வைத்து ரெண்டர் செய்தால் முழுக் கதையும் 15 ஜிபிக்குள் அடங்கும். ஒரே வீடியோவாக ஏற்றி, விளக்கப் பகுதியில் 00:00-இல் தொடங்கி, வில்லிசையின் பகுதிகளான காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், பிறகு கதைப் பகுதிகள், இறுதியில் வாழி என்று நேரக் குறிப்புகளை வரிசையாக எழுதிவிடுங்கள். பார்ப்பவர்கள் வேண்டிய பகுதிக்கு நேரே போய்விடலாம்.